விடால் பாசிட்டிவ் என்றால் டைபாய்டுதானா?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினீயரிங் படிக்கிறான். இரண்டு வருடத்தில் நான்கு முறை டைபாய்டு வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் விடால் டெஸ்ட் பாசிட்டிவ் என்றார்கள். ஊசி, மாத்திரையில் சரியானது. கடைசியாகக் காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆகிறது. இப்போது நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் மறுபடி எடுத்த டெஸ்ட்டில் 1:160 என்று வந்திருக்கிறது. கிருமி ரத்தத்திலேயே தங்கிவிட்டது, இன்னும் பத்து நாள் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். போடலாமா? முட்டை, கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். தடுப்பூசி போட்டால் இனிமேல் வராதா? - ஒரு வாசகி

பதில்: ஊசி வேண்டாம் அம்மா. காய்ச்சல் இல்லை, நன்றாகப் பசிக்கிறது, கல்லூரிக்குப் போய் வருகிறான் என்றால் அந்த 1:160-க்கு வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை. டைபாய்டு குணமாகிவிட்டதா என்று பார்க்க விடால் டெஸ்ட்டைத் திரும்ப எடுக்கும் வழக்கமே தேவையற்றது. காய்ச்சல் நின்று உடம்பு தேறுவதுதான் குணமானதற்கு அடையாளம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வேறொரு சந்தேகம்தான் பெரிதாக எழுந்தது. நான்கு முறையும் வந்தது டைபாய்டுதானா? ஒருமுறைகூட வராமலே இருந்திருக்கலாம். இதை உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை. விடால் டெஸ்ட்டை மட்டும் நம்பி டைபாய்டு என்று முடிவு கட்டுவது நம் ஊரில் அவ்வளவு சாதாரணமாக நடக்கிறது.

விடால் டெஸ்ட் 1896-இல் பாரிஸில் ஃபெர்னாண்ட் விடால் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்தியது. அது டைபாய்டு கிருமியைத் தேடுவதில்லை. அந்தக் கிருமிக்கு எதிராக நம் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கின்றன என்றுதான் பார்க்கிறது. 1:160 என்றால், ரத்த நீரை 160 மடங்கு நீர்த்த பிறகும் எதிர்வினை தெரிந்தது என்று பொருள். திருடன் ஓடிப்போன பிறகும் தெருநாய் வெகுநேரம் குரைத்துக்கொண்டிருப்பது போல, நோய் போன பிறகும் இந்த எதிர்ப்பொருள்கள் பல மாதங்கள் ரத்தத்தில் நிற்கும். ரிப்போர்ட்டில் 'ஓ' என்றும் 'எச்' என்றும் இரண்டு வகை போட்டிருப்பார்கள். அவற்றில் 'எச்' இன்னும் நீண்ட காலம் இருக்கும். ஆகவே மூன்று வாரத்தில் 1:160 என்று வருவதில் வியப்பே இல்லை.

டைபாய்டு பரவலாக இருக்கும் நம் பகுதிகளில், எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் ஓரளவு எதிர்ப்பொருள் இருப்பது உண்டு. டைபாய்டு கிருமி சேர்ந்த சால்மோனெல்லா குடும்பத்தின் வேறு கிருமிகளாலும் இந்த டெஸ்ட் பாசிட்டிவ் ஆகும். மலேரியா போன்ற வேறு காய்ச்சல்களிலும் ஆகும். அப்புறம், உண்மையான டைபாய்டிலேயே முதல் வாரத்தில் நெகட்டிவ் என்று வருவதும் உண்டு, ஏனென்றால் எதிர்ப்பொருள் உருவாகவே சில நாள் பிடிக்கும். காய்ச்சல் வந்த இரண்டாம் நாளில் எடுத்த விடால் பாசிட்டிவ் என்றால், நான் அதைப் பெரும்பாலும் பழைய கணக்கு என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

டைபாய்டை உறுதி செய்யும் பரிசோதனை பிளட் கல்ச்சர். ரத்தத்தை ஒரு பாட்டிலில் எடுத்து, கிருமி அதில் வளர்கிறதா என்று பார்ப்பார்கள். வளர்ந்தால் அது டைபாய்டா, அதைப் போலவே இருக்கும் பாராடைபாய்டு என்ற காய்ச்சலா, வேறா என்று தெரியும். எந்த மருந்துக்குக் கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்பதும் அதே ரிப்போர்ட்டில் வந்துவிடும். ஆனால் ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கும் முன் ரத்தம் எடுத்தாக வேண்டும். இரண்டு டோஸ் போட்ட பிறகு எடுத்தால் கிருமி பாட்டிலில் வளராமலே போகலாம். பெரியவர்களுக்குச் சுமார் 10 மில்லி ரத்தம் தேவை, இரண்டு மில்லி எடுத்து அனுப்பினால் பயன் குறைவு. முதல் வாரத்தில் கிருமி பிடிபடும் வாய்ப்பு அதிகம். இதிலும் குறை இருக்கிறது. சரியாக எடுத்தாலும் டைபாய்டு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் வளரும், முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால் கல்ச்சர் நெகட்டிவ் என்றாலும், அறிகுறிகள் பலமாக இருந்தால் மருத்துவர் டைபாய்டு என்றே சிகிச்சை கொடுப்பார். அது சரிதான். ஆனாலும் நான்கு முறை காய்ச்சல் வந்த பையனுக்கு ஒருமுறையாவது கல்ச்சர் எடுத்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

டைபாய்டு இல்லையென்றால் அவை என்ன காய்ச்சல்கள்? பெரும்பாலானவை தானாக விடும் வைரஸ் காய்ச்சல்களாக இருந்திருக்கலாம். ஊசி போட்ட நாளும் காய்ச்சல் விட்ட நாளும் ஒன்றாக அமைந்ததால், ஊசிதான் குணமாக்கியது என்று தோன்றும். டெங்குவுக்கும் இப்படி டைபாய்டு பெயர் விழுவது உண்டு. நான் அதிகம் கவலைப்படுவது ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சலைப் பற்றி. தமிழ்நாட்டில் மழைக்காலம் தொடங்கிக் குளிர் மாதங்கள் வரை இது நிறைய வருகிறது. புதர், புல்வெளிகளில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் பலருக்கு சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை படும் இடம் என்று மறைவாக இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. டைபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இதற்குக் கேட்காது. டாக்சிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரை பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சலை இறக்கிவிடும். விடால் பாசிட்டிவ் என்று சொல்லி ஒரு வாரம் தவறான ஊசி போட்டுக்கொண்டிருந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும் அபாயம் இருக்கிறது. அடுத்த முறை மகனுக்குக் காய்ச்சல் வந்தால் உடம்பை முழுக்கப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

உண்மையான டைபாய்டு எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். கிருமி உள்ளே போய் ஒன்று முதல் இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் தொடங்கும். முதல் நாளே 104 டிகிரி என்று எகிறாது, நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும். தலைவலி, சோர்வு, வெள்ளை படிந்த நாக்கு, வயிற்று வலி இருக்கும். பெரியவர்களுக்குப் பேதியைவிட மலச்சிக்கல் அதிகம். சளி, மூக்கொழுகல் எல்லாம் இதில் பொதுவாக இருக்காது. சிகிச்சை இல்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் ஆபத்து அதிகம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உண்டான புண் ரத்தம் கசியலாம், ஓட்டையும் விழலாம். காய்ச்சலோடு இருப்பவருக்குத் திடீரென்று கடுமையான வயிற்று வலி, கறுப்பு மலம், பிதற்றல், குளிர்ந்த வியர்வை என்று எது வந்தாலும் அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரியான மருந்து கொடுத்தாலும் டைபாய்டுக் காய்ச்சல் இறங்க நான்கிலிருந்து ஆறு நாள் ஆகும். இது தெரியாமல் மூன்றாம் நாளே டாக்டரை மாற்றி, மருந்தை மாற்றி, எது கேட்டது என்றே தெரியாமல் ஆக்கிவிடுகிறோம். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நம் நாட்டில் இந்தக் கிருமி பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை, அதனால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். இப்போது கை கொடுப்பவை செஃப்ட்ரியாக்சோனும் அசித்ரோமைசினும்தான். 2016-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத டைபாய்டு கிளம்பியது. அங்கே மாத்திரையாகக் கொடுக்க மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான். உங்கள் மகனுக்குத் தேவையில்லாத பத்து நாள் ஊசியை நான் மறுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிருமி தங்கிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். டைபாய்டு வந்தவர்களில் 100-க்கு 1 முதல் 5 பேருக்குக் கிருமி தங்குவது உண்மைதான். ஆனால் தங்குவது ரத்தத்தில் அல்ல, பெரும்பாலும் பித்தப்பையில். பித்தப்பையில் கல் உள்ளவர்களுக்கும் நடுத்தர வயது தாண்டிய பெண்களுக்கும் இது அதிகம். அவர்களுக்குக் காய்ச்சல் வராது, மலத்தில் மட்டும் கிருமி போய்க்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க மலத்தைப் பலமுறை கல்ச்சர் செய்ய வேண்டும், விடால் உதவாது. 20 வயதுப் பையனுக்கு இதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டியதில்லை. ஒருவேளை அவனுக்கு வந்தது டைபாய்டுதான் என்றால், ஹாஸ்டல் மெஸ்ஸில் சமைப்பவர்களையும் தண்ணீர்த் தொட்டியையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பது நியாயம். டைபாய்டு கிருமி மனிதனிடம் மட்டுமே வாழ்கிறது. யாரோ ஒருவருடைய மலம் தண்ணீரிலோ சாப்பாட்டிலோ கலந்தால்தான் அடுத்தவருக்கு வரும். மகன் கொதிக்கவைத்த தண்ணீரை எடுத்துப் போகட்டும். வெளியில் ஜூஸ் குடித்தால் ஐஸ் போடாமல் வாங்கட்டும், குளிரில் இந்தக் கிருமி சாகாது.

முட்டையையும் கறியையும் நிறுத்த வேண்டாம். வேகவைத்த முட்டையால் டைபாய்டு வராது. கோழி, முட்டை வழியாக வருவது வேறு வகை சால்மோனெல்லா. அது சாப்பிட்ட ஓரிரு நாளில் வாந்தி, பேதி, காய்ச்சல் என்று வந்து, ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தானே சரியாகும். உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் முக்கிய மருந்து. பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை செய்ததற்கும் இந்தக் கிருமி ஒரு காரணம். ஆஃப்பாயிலைத் தவிர்த்து நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். காய்ச்சலில் இளைத்த பையனுக்குப் புரதம் வேண்டும். கஞ்சியும் ரஸ்க்கும் மட்டும் போதாது.

தடுப்பூசி போடுங்கள். டைபாய்டு கான்ஜுகேட் என்ற வகை ஒரே ஊசிதான், 6 மாதக் குழந்தை முதல் 45 வயது வரை போடலாம். ஹைதராபாத்தில் தயாராகும் இந்த வகை ஊசிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சான்றும் உண்டு. காய்ச்சல் விட்டு 4 முதல் 6 வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம், ஆகவே அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது போட்டுவிடலாம். பாராடைபாய்டை இது தடுக்காது, அதனால் தண்ணீர் விஷயத்தில் கவனம் தொடர வேண்டும்.

நான்கு முறையும் எடுத்த ரிப்போர்ட்டுகள், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டு ஒரு பொது மருத்துவ நிபுணரிடம் காட்டுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தாலோ, மாலை வேளைகளில் மெல்லிய காய்ச்சல் இருந்தாலோ காசநோய்க்கும் பார்க்க வேண்டியிருக்கும். மறுபடி காய்ச்சல் வந்து மூன்று நாள் தாண்டினால், முதல் ஊசிக்கு முன்பே பிளட் கல்ச்சர் எடுக்கச் சொல்லி மகனே கேட்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த வசதி உண்டு.