ரயில் நின்ற ஊர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலையாகச் சில வாரங்கள் அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில் இருந்தேன். விடுப்பு கிடைத்த ஒரு செவ்வாய்க்கிழமை, கூட வேலை பார்ப்பவர்கள் சொன்னார்களே என்று சான் அந்தோனியோ தெ அரேகோவுக்குப் போனேன். குதிரையேறி மாடு மேய்த்த கௌச்சோக்களின் ஊர், அவசியம் பார்க்கவேண்டும் என்றார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது மதியம் ஒன்றரை மணி. ஒரு கடை திறந்திருக்கவில்லை. வெள்ளிப் பட்டறைகள் பூட்டிக் கிடந்தன. தெருவில் ஆளே இல்லை. பழைய பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டு நாலரை மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல், ஆனால் மனிதரைக் காணோம். இவ்வளவு வளமான மண்ணை வைத்துக்கொண்டு இந்த ஊர்கள் இப்படித் தூங்கி வழிவதற்குச் சோம்பேறித்தனம்தானே காரணம்?

மார்ச்சில் மறுபடியும் போகிறேன். ஒரே நாளில் போய்வரக்கூடிய, நிஜமாகவே அமைதியான ஒரு கிராமத்தைச் சொல்லமுடியுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? பயமில்லாமல் போகலாமா?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். சைவம் கிடைக்கும். இத்தாலியர்கள் லட்சக்கணக்கில் குடியேறிய நாடு அது. பாஸ்தாவும் சீஸ் வைத்து மடித்துச் சுட்ட எம்பனாடாவும் கிடைக்காத ஊர் இல்லை. பயப்படவும் வேண்டாம். தலைநகரில் கைப்பேசியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். சின்ன ஊரில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பூட்டாமல் போவார்கள்.

இனி அந்தச் சோம்பேறித்தனம். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நீங்கள் போனது கோடைக்காலமா என்று எழுதவில்லை. ஜனவரியில் அந்தச் சமவெளியில் மதியம் 35 பாகையைத் தாண்டும் நாட்களும் உண்டு. கடைக்காரர் காலையில் எட்டு மணி வாக்கில் திறக்கிறார். பன்னிரண்டரை, ஒரு மணிக்கு மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். கொஞ்சம் கண்ணயர்கிறார். நாலரை, ஐந்துக்கு மறுபடி திறந்து இரவு எட்டரை வரை வியாபாரம் பார்க்கிறார். கூட்டிப் பாருங்கள், உங்கள் அலுவலக நேரத்துக்குக் குறையாது. நீங்கள் மதியச் சாப்பாட்டைக் கணினி முன்னால் உட்கார்ந்து விழுங்குகிறீர்கள். அவர் மனைவி மக்களோடு சாப்பிடுகிறார். இதில் யார் யாரைப் பார்த்து இரக்கப்படவேண்டும்?

நாலரை பஸ்ஸில் ஏறினீர்கள். ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் கிளம்பியிருக்கிறீர்கள்! இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால், வாசலில் நாற்காலி போட்டு மாத்தே என்ற கசப்பு மூலிகைத் தேநீர் குடிப்பவர்களைப் பார்த்திருக்கலாம். ஊர் நடுவிலிருக்கும் சதுக்கமான பிளாசாவைச் சுற்றிக் கார்கள் நடை வேகத்தில் வலம்வரும். ஓட்டுபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி எதிரே வருகிற எல்லோருக்கும் வணக்கம் வைப்பார். கிளப்பில் பெரியவர்கள் போச்சாஸ் பந்து உருட்டுவார்கள், இல்லையென்றால் சீட்டாடுவார்கள். இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு முன்னால் கிடையாது. ஒரு ஊரை அது ஓய்வெடுக்கும் மூன்று மணி நேரத்தில் மட்டும் பார்த்துவிட்டு அதன் குணத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

ஆனால் உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. 'கண்ணுக்கெட்டிய தூரம் வயல், ஆனால் மனிதரைக் காணோம்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது நீங்கள் உண்மையாகவே கண்டது. அதை அப்படியே விட்டுவிட்டுச் சோம்பேறித்தனத்துக்குத் தாவிவிட்டீர்கள். அரேகோவில் மதியம் நீங்கள் கண்டது வீட்டுக்குள் ஆள் இருக்கிற அமைதி. பஸ் ஜன்னல் வழியே கண்டது ஆள் போய்விட்ட அமைதி. இரண்டும் ஒன்றல்ல. முதலாவதை அந்த ஊர்க்காரர்கள் விரும்பி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது அவர்கள் தலையில் கட்டப்பட்டது.

கொஞ்ச நாளாகவே ரயில் பாதைகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் அம்மா பிறந்தது போடிநாயக்கனூர். அங்கே மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்றது. அகலப்பாதை ஆகி மறுபடியும் வந்தது 2023 ஜூனில். நடுவில் பன்னிரண்டு வருடத்துக்கும் மேல். ஏலக்காய் வியாபாரமும் பஸ்ஸும் இருந்ததால் போடி தாங்கிக்கொண்டது. ரயில் திரும்பி வரவே வராத ஊர்கள் என்ன ஆகும் என்பதை நான் பார்த்தது அர்ஜென்டினாவில்.

அசுல் என்ற நகரம் புவெனஸ் அயர்ஸுக்குத் தெற்கே சுமார் 300 கிலோமீட்டர். அங்கிருந்து மண்சாலையில் போகவேண்டிய ஒரு சின்ன ஊருக்கு நண்பர் ஒருவர் கூட்டிப்போனார். ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் நான் சொல்லப்போகும் பெரியவர் யாரென்று உடனே தெரிந்துவிடும், அவ்வளவு சின்ன ஊர். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே யூகலிப்டஸ் மரங்கள் தெரிந்தன. அந்த வெட்டவெளியில் தூரத்தில் உயர்ந்த யூகலிப்டஸ் வரிசை தெரிந்தால் ஒன்று பண்ணைவீடு, இல்லையென்றால் ரயில் நிலையம். இது நிலையம். சிவப்புச் செங்கல், தகரக் கூரை, கூரை விளிம்பில் பல் பல்லாக வெட்டிய மரப்பலகை. மணி தொங்கிய கொக்கி மட்டும் இருந்தது. தண்டவாளம் புல்லுக்குள் மறைந்துவிட்டது. காலால் தேய்த்துப் பார்த்தால் கெப்ராச்சோ மரக்கட்டைகள் மட்டும் இன்னும் இரும்பு மாதிரி கிடக்கின்றன. வடக்கே சாக்கோ காடுகளை அழித்து வெட்டிக்கொண்டுவந்த கட்டைகள் அவை.

பெரியவர் அந்த நிலையத்தில் இளம் வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். கக்கத்தில் தெர்மாஸ், கையில் மாத்தே சுரைக்குடுக்கை. குடுக்கையில் வெந்நீர் ஊற்றி முதலில் தான் குடித்தார். மறுபடி ஊற்றி நண்பரிடம் நீட்டினார், பிறகு என்னிடம். எல்லோருக்கும் ஒரே உலோகக் குழல். அதே கசப்பு. தயங்காமல் வாங்கிக் குடித்தேன், அவருக்கு அது பிடித்திருந்தது. டிக்கெட்டில் தேதி குத்துகிற இரும்பு யந்திரத்தைக் காட்டினார். கெட்டியான சின்ன அட்டை டிக்கெட்டைச் செருகினால் டக்கென்று குத்தும். மதுரை ஸ்டேஷன் கவுன்ட்டரில் என் சிறுவயதில் கேட்ட அதே சத்தம். இதில் வியப்பு ஒன்றும் இல்லை. இங்கேயும் அங்கேயும் போட்டது ஆங்கிலேயக் கம்பெனிகள். நம் அகலப்பாதையும் அவர்களுடைய அகலப்பாதையும் ஒரே அளவு, 1,676 மில்லிமீட்டர். இரும்புப் பெட்டியும் வண்டியும் மட்டும் இல்லை, ஊரை எங்கே வைப்பது என்பதையும் அங்கே ரயில்தான் முடிவு செய்தது. பண்ணை முதலாளி நிலையத்துக்கு நிலம் கொடுப்பார், நிலையத்துக்கு அவர் பெயர் வைப்பார்கள், நிலையத்தைச் சுற்றி நூறு மீட்டர் சதுரம் சதுரமாக மனை பிரித்து விற்பார்கள். ஊர் தயார்.

அப்புறம் அவர் ஒரு பேரேட்டைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் பால் கேன் கணக்கு. எந்தப் பண்ணை, எத்தனை கேன், யார் கையெழுத்து. மழையோ வெயிலோ, விடியற்காலை ரயிலில் பால் போய்விடும். அந்த மழையோ வெயிலோ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, கவனியுங்கள். பாம்பா என்கிற அந்தச் சமவெளியின் மண் கறுப்பு, கல் கிடையாது. ஒரு நல்ல மழை பெய்தால் மண்சாலை சேறாகி லாரி அச்சு வரை இறங்கிவிடும். தண்டவாளம் மட்டும்தான் எல்லா நாளும் திறந்திருந்த சாலை. அந்தக் கிளைப்பாதையை 1970களின் கடைசியில், ராணுவ ஆட்சியில் மூடினார்கள். மூடியவர்கள் பதிலுக்குத் தார்ச்சாலை போட்டுக் கொடுக்கவில்லை. மழைக்காலத்தில் பால் வெளியே போக வழியில்லை. சின்னப் பால் பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவராக மாடுகளை விற்றார்கள். மாடு போனால் கறக்கிறவர் குடும்பத்தோடு போகவேண்டும். குடும்பம் போனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறையும். ஆசிரியர் ரயிலில் வந்துகொண்டிருந்தவர், அவரும் இல்லை. பேக்கரி மூடியது. கடைசியாக இருந்த பலசரக்குக் கடையில் இப்போது சனி ஞாயிறில் மட்டும் விளக்கு எரிகிறது. பேரேட்டின் கடைசிப் பக்கங்களில் கேன் எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்து, பாதிப் பக்கத்தில் நின்றுவிட்டது. இந்தக் கணக்கில் சோம்பேறித்தனத்தை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

பெரியவரை அசுலுக்கு மாற்றினார்கள். 1990களில் அந்த வேலையும் போனது. அது அவர் ஒருவர் கதை இல்லை. 1940களில் அந்த நாட்டில் சுமார் 47,000 கிலோமீட்டர் ரயில்பாதை இருந்தது. தென் அமெரிக்காவிலேயே மிகப் பெரியது. அதில் ஆங்கிலேயரிடம் இருந்த பாதைகளை அதிபர் பெரோன் 1948இல் வாங்கி நாட்டுடைமை ஆக்கினார். 1961இல் லார்கின் திட்டம் என்ற பெயரில் நஷ்டப் பாதைகளை வெட்டும் ஏற்பாடு தொடங்கியது. தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்து அதை ஓரளவு தடுத்தார்கள். பிறகு 1989இல் மெனெம் அதிபராக வந்தார். வேலைநிறுத்தம் செய்யும் பாதை மூடப்படும் பாதை என்று வெளிப்படையாகவே மிரட்டினார், செய்தும் காட்டினார். 1993 மார்ச்சில் தொலைதூரப் பயணிகள் ரயில்களில் பெரும்பகுதி நின்றது. நஷ்டம் என்று கணக்குப் போட்டார்களே, அதில் அந்தப் பள்ளிக்கூடத்தை யாராவது சேர்த்தார்களா? எந்த நாட்டு அதிகாரியும் சேர்ப்பதில்லை. ரயிலின் வரவுசெலவை ரயிலுக்குள்ளேயே பார்ப்பவனுக்கு ஊர் கண்ணில் படாது. இதை நான் எத்தனை முறை எழுதினாலும் அலுக்கமாட்டேன்.

1996இல் மரபணு மாற்றிய சோயாவுக்கு அனுமதி கொடுத்தார்கள். மிச்சமிருந்த குடியானவர்களும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்துக்குப் போனார்கள். ஒப்பந்தக்காரர் யந்திரத்தோடு வந்து விதைப்பார், இன்னொருவர் வந்து மருந்தடிப்பார், மூன்றாமவர் அறுப்பார். யாருக்கும் அங்கே வீடு இல்லை. வயலோரம் வெள்ளை பிளாஸ்டிக்கில் நீளமான பைகள் கிடந்ததைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் சுமார் 60 மீட்டர் நீளம், 200 டன் தானியம் பிடிக்கும். நீங்கள் சொன்ன வளமான மண்ணின் செல்வம் அதற்குள்தான் இருக்கிறது, துறைமுகத்துக்கு லாரி வரும்வரை. அது ஊருக்குள் நுழைவதே இல்லை.

அதற்கும் முன்னால் போனால் இன்னும் கசப்பு. அந்தச் சமவெளியின் பெரும்பகுதி ரான்கெல், மாப்பூச்சே என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த நிலம். 1879இல் தளபதி ரோக்கா நடத்திய படையெடுப்பில் அவர்களைக் கொன்றும் பிடித்தும் விரட்டியும் நிலத்தைப் பிடுங்கிப் பெரிய பெரிய துண்டுகளாகச் சில கைகளில் கொடுத்தார்கள். நீங்கள் பார்க்கப் போன கௌச்சோவையும் யாரும் மிச்சம் வைக்கவில்லை. கம்பிவேலி அவன் வழியை மறித்தது. வேலைச்சீட்டு இல்லாதவனை நாடோடி என்று பிடித்து எல்லைப் படைக்கு அனுப்பச் சட்டம் இருந்தது. அவனை ஒழித்த பிறகுதான் அவனுக்கு அருங்காட்சியகம் வைத்தார்கள். அரேகோவில் இருப்பது 1938இல் திறந்தது. குறையாகச் சொல்லவில்லை, அங்கே போய்ப் பார்க்கத்தான் வேண்டும். இதெல்லாம் தெரிந்துகொண்டு பாருங்கள்.

அசுல் பக்கம் போனால் சலமோனே என்ற கட்டடக்கலைஞரின் வேலைகளையும் விட்டுவிடாதீர்கள். 1936க்கும் 1940க்கும் நடுவில் அந்த மாகாணத்தின் சின்னச் சின்ன ஊர்களில் அறுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் கட்டினார். நகராட்சி மன்றம், கசாப்புக்கூடம், கல்லறை வாசல். சர்ச் கோபுரத்தை விட உயரமான கான்கிரீட் கோபுரங்கள். இந்த ஊர் வளரப்போகிறது, ஆயிரம் ஆயிரமாக ஜனம் வரப்போகிறது என்று நம்பிக் கட்டியவை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த நம்பிக்கை தப்பில்லை. அதைக் காப்பாற்றவேண்டியவர்கள் காப்பாற்றவில்லை.

நீங்கள் கேட்டது ஒரே நாளில் போய்வர ஒரு ஊர். என்னால் சொல்லமுடியாது, சொல்லவும் மாட்டேன். மறுபடியும் அரேகோவுக்கே போங்கள். மாலையில் போய் இறங்கி ஒரு இரவு தங்குங்கள். காலையில் பட்டறை திறந்ததும் உள்ளே போய் வெள்ளியில் மாத்தே குழல் அடிப்பதைப் பாருங்கள், நிதானமாகச் சொல்லித்தருவார்கள். 1857இல் கட்டிய அந்தப் பாலத்தில் ஒருமுறை நடந்து அக்கரைக்குப் போங்கள். நாட்டின் முதல் ரயில் ஓடியதும் அதே வருடம்தான்.

இன்னும் ஒரு நாள் கையிலிருந்தால் தெற்கே அசுலுக்குப் பஸ் பிடியுங்கள். அங்கிருந்து கார் எடுத்து உள் ஊர்களுக்குப் போவதாக இருந்தால், புறப்படுவதற்கு முன் பெட்ரோல் பங்கில் விசாரித்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் மண்சாலையில் இறங்கவே வேண்டாம். உங்களை இழுத்துவிட டிராக்டர் வைத்திருப்பவரும் இப்போது பல ஊர்களில் இல்லை.