பெர்மாங்கனேட் டைட்ரேஷனில் மூன்று ரீடிங்கும் மூன்று விதம்: முதலாமாண்டு கெமிஸ்ட்ரி லேப்

ஆக்ஸாலிக் அமிலத்தில் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷனில் மூன்று முறையும் ரீடிங் மாறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். காரணம், ஆக்ஸாலிக் அமிலம் போதிய சூட்டில் இல்லை. முதல் சொட்டுகளிலேயே இளஞ்சிவப்பு நின்றுவிடுகிறது என்கிறீர்களே, அதுதான் அடையாளம்.

இந்த வினை குளிரில் மந்தம். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே அதை வேகப்படுத்தும். அது கொஞ்சம் சேரும்வரை நிறம் மெதுவாகத்தான் போகும். அதையே எண்ட் பாயிண்ட் (வினை முடியும் புள்ளி) என்று நிறுத்தினால் ரீடிங் குறையும்.

அடுத்த லேபில் நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலம் சேர்த்து, 60-70 டிகிரிக்குச் சூடாக்குங்கள். தெர்மாமீட்டர் கையில் இருக்காது. பிளாஸ்க் கழுத்தில் ஆவி படியத் தொடங்கினால் ஏறக்குறைய சரி. முதலில் பெர்மாங்கனேட்டைக் கொஞ்சம் ஊற்றி, நிறம் முழுக்கப் போனபிறகு தொடருங்கள். அரை நிமிடம் நிற்கும் வெளிர் இளஞ்சிவப்புதான் முடிவு. நடுவில் ஆறிவிட்டால் மறுபடி சூடாக்குங்கள்.

பழுப்பாகக் கலங்கினால் கதை வேறு, பெரும்பாலும் அமிலம் போதவில்லை. அப்புறம், பியூரெட்டில் (சொட்டு விடும் அளவுக்குழாயில்) பெர்மாங்கனேட் அடர் ஊதாவாக இருப்பதால் திரவ மட்டத்தின் கீழ் வளைவு தெரியாது. மேல் விளிம்பைப் படியுங்கள், ஆரம்ப ரீடிங்கையும் அப்படியே. பக்கத்து மேசைக்காரர் நோட்டைப் பார்த்து ரீடிங்கைத் திருத்தாதீர்கள், அவர் பிளாஸ்க்கும் ஆறியிருக்கலாம்!

கொதிக்க மட்டும் விடாதீர்கள், ஆக்ஸாலிக் அமிலம் சிதையும். ஆக்ஸாலிக் அமிலத்துக்குப் பதில் மோர் உப்பு (Mohr's salt, ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்) கொடுத்தால் சூடாக்கவே வேண்டாம்.