கிழிந்த தொல்துணியை வைத்து அதே துணியைத் திரும்ப நெய்ய முடியுமா?

முடியும். ஆனால் தறியில் உட்காருவதற்கு முந்தைய வேலைதான் பெரிது. நார்வேயின் லெண்ட்பிரீன் பனிப்பகுதி உருகியபோது 2011இல் கிடைத்த கம்பளி மேல்சட்டையைப் பாருங்கள். காலம் கி.பி. 230 முதல் 390க்குள். ஒட்டுப்போட்ட இடங்கள்கூட அப்படியே இருந்தன. கைகளைப் பிற்பாடுதான் தைத்துச் சேர்த்திருக்கிறார்கள்.

முதலில் உருப்பெருக்கியில் பாவு (நீளவாக்கு நூல்), ஊடை (குறுக்கு நூல்) இரண்டிலும் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை இழை, எவ்வளவு பருமன், முறுக்கு எந்தப் பக்கம் என்று கணக்கெடுப்பார்கள். இந்தச் சட்டை டைமண்ட் கட்டம் விழும் ட்வில் நெசவு, அதாவது இழைகள் சாய்கோடாகத் தெரியும் நெசவு. வெளிர், அடர் நிற நூல்கள் கலந்ததால் புள்ளிபுள்ளியாகத் தெரியும்.

அப்புறம் கம்பளி. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இன்றைய ஆடுகளின் ரோமம் பெரும்பாலும் ஒரே சீரானது. பழைய நார்வே இன ஆட்டுக்கோ வெளியே நீண்ட முரட்டு முடி, உள்ளே மெத்தென்ற ரோமம். சட்டையை மறுபடி நெய்தவர்கள் அந்த இனத்துக் கம்பளியைத்தான் தேடிப் போனார்கள்.

முறுக்கையும் சும்மா விட முடியாது. அதே கம்பளி, அதே இழைக்கணக்கு என்றாலும், முறுக்கின் திசையோ இறுக்கமோ மாறினால் துணி விழும் விதம், மினுமினுப்பு எல்லாமே வேறாகிவிடும். என்னைக் கேட்டால், நெசவைவிட நூற்பதுதான் கடினம்.