மாங்காய் பறிக்க ஆந்திரா போக மேஸ்திரி முன்பணம் தருகிறார், வாங்கலாமா?

வாங்கலாம். வாங்கும் முன் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பறிப்பு இல்லாத நாளுக்கு என்ன கணக்கு? அதைக் கேட்காமல் போனவன் நான்.

எனக்குக் குடியாத்தம் பக்கம். 2015 ஜூனில் டிப்ளமா முடித்துச் சும்மா இருந்தேன். சித்தப்பாவோடு சித்தூர்ப் பக்கம் ஒரு தோப்புக்குக் கிளம்பினேன். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஏப்ரல் 7 அன்று, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, தமிழ்நாட்டு ஆட்கள் 20 பேரை ஆந்திர போலீஸ் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொன்றிருந்தது. “மாங்காய்தானே? மரம் இல்லையே?” என்று அம்மா மேஸ்திரியிடம் மூன்று தடவை கேட்டாள். தோப்புக் குத்தகைக்காரரிடம் போனில் பேசிய பிறகுதான் விட்டாள்.

பரதராமி தாண்டினால் ஆந்திரா. 1911 வரை சித்தூரும் வடாற்காடு ஜில்லாதான், அதனால் பாஷையில் சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் மேஸ்திரியின் கணக்கு நோட்டில்.

குத்தகைக்காரர் மேஸ்திரியிடம் பணம் கொடுப்பார். மேஸ்திரி ஊருக்கு வந்து ஆள் கட்டுவார். பெயருக்கு நேரே முன்பணம் ஏறும், வேலை செய்யச் செய்யக் கழியும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே விளைவதில் பெரும்பகுதி பெங்களூரா என்கிற ரகம், மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போகிற காய். ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசையில் நின்றுவிட்டால் தோப்பில் பறிப்பை நிறுத்திவிடுவார்கள். பறித்து வைத்தால் பழுத்து அழுகும் அல்லவா. நான் இருந்த 24 நாளில் பறிப்பு நடந்தது 15 நாள்தான். மீதி நாள் மரத்தடியில் படுத்திருந்தோம். அந்த நாட்களுக்குக் கூலி ஏறவில்லை, அரிசியும் எண்ணெயும் மட்டும் நோட்டில் ஏறின. சித்தப்பா கடனோடு திரும்பினார். அடுத்த சீசனுக்கும் அதே மேஸ்திரியிடம்தான் போனார், வேறு வழி?

அப்போது நடப்பில் இருந்த 1979ஆம் வருடச் சட்டப்படி, வெளிமாநிலத்துக்கு ஐந்து பேரோ அதற்கு மேலோ கூட்டிப் போகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும், ஆளுக்கொரு போட்டோ ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும். நாங்கள் 14 பேர். எங்களுக்கு இருந்த ஒரே புக் மேஸ்திரி இடுப்பில் இருந்தது.

2025 சீசனில் விலை விழுந்து, ஃபேக்டரி கிலோவுக்கு 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று ஆந்திராவில் தர வேண்டி வந்ததே, அப்போதும் டிராக்டர் வரிசையைத்தான் டிவியில் காட்டினார்கள். மரத்தடியில் படுத்திருந்தவர்களைக் காட்டவில்லை.

சரி, போவதென்றால்: சும்மா இருக்கும் நாளுக்குச் சாப்பாடாவது கணக்கில் ஏறக்கூடாது என்று வண்டி ஏறும் முன்பே நாலு பேர் எதிரில் பேசிவிடுங்கள். வாரம் ஒரு தடவை நோட்டுப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், முழுக்கைச் சட்டை. காம்பு ஒடியும்போது தெறிக்கிற பால் பட்டால் தோல் வெந்து கறுத்துவிடும். எனக்கு இடது முழங்கைக்குக் கீழே அந்தத் தடம் தீபாவளி வரை இருந்தது.