மெமோ, மூன்று மாதம், மறைத்த வழக்கு: காவல் சட்டம் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

கேள்விகள் கடலூர், பண்ருட்டி, சிதம்பரம், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்தவை. சொந்த விவரங்களை நீக்கிவிட்டேன். மதுவிலக்கு, போக்குவரத்து, சொத்துத் தகராறு பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அவை என் பக்கம் இல்லை.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர், இரண்டாம் நிலைக் காவலர்): சார், எனக்கு மெமோ வந்திருக்கு. இது 3(ஏ)யா 3(பி)யா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மெமோவின், அதாவது துறை நடவடிக்கைக்கான குறிப்பாணையின், முதல் பத்தியைப் படியுங்கள், தம்பி. 1955ஆம் ஆண்டு தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி (ஒழுங்கும் மேல்முறையீடும்) விதிகளில் எந்த விதியின் கீழ் என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். 3(ஏ) என்றால் எழுத்து மூலம் விளக்கம் கேட்பார்கள், அதை வைத்தே முடிவெடுப்பார்கள். கறுப்புப் புள்ளி, கண்டனம், ஊதிய உயர்வைத் தள்ளிவைப்பது போன்றவற்றோடு நின்றுவிடும். 3(பி) என்றால் குற்றச்சாட்டு, அதன் விவரம், சாட்சிப் பட்டியல், ஆவணப் பட்டியல் எல்லாம் இணைத்து வரும். விசாரணை அதிகாரி முன்னால் ஓரல் என்கொயரி நடக்கும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, நீக்கம், டிஸ்மிஸ் வரை போகக்கூடியது இதுதான். 3(பி) கொடுத்துவிட்டுச் சிறிய தண்டனையோடு முடிக்கலாம். 3(ஏ) கொடுத்துவிட்டுப் பெரிய தண்டனை தர முடியாது.

இனி கவனம். மெமோவை வாங்கும்போது வெறும் கையெழுத்துப் போடாதீர்கள். "பெற்றுக்கொண்டேன், 12ஆம் தேதி, மாலை 5.40, இணைப்பு 14 பக்கம்" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். பக்கங்களை அங்கேயே எண்ணுங்கள். பட்டியலில் ஒன்பது ஆவணம் இருந்து கையில் ஆறுதான் வந்திருந்தால், விளக்கம் எழுத உட்காராதீர்கள். விடுபட்ட மூன்றையும் வரிசை எண்ணோடு குறிப்பிட்டு, நகல் வேண்டும் என்று முதலில் மனுப் போடுங்கள். ஆவணம் தராமல் நடத்திய விசாரணை நீதிமன்றத்தில் அடிபடும். ஆனால் கேட்டதற்கு உங்களிடம் எழுத்து இருக்க வேண்டும், "வாயால் கேட்டேன்" என்பது செல்லாது. விசாரணை அறிக்கையின் நகலையும் விடாதீர்கள். அதைக் கொடுத்து உங்கள் பதிலைக் கேட்ட பிறகுதான் இறுதி உத்தரவு போட வேண்டும் என்பது 1993இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது.

கேள்வி (நெல்லிக்குப்பம், காவலர் மனைவி): ஐயா, அவரை சஸ்பெண்ட் செய்து ஐந்து மாதமாகிறது. இன்னும் சார்ஜ் மெமோ வரவில்லை. மூன்று மாதத்தில் தானாக ரத்தாகிவிடுமாமே?

பதில்: தானாக ஒன்றும் ஆகாது, அம்மா. 2015இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில், குற்றச்சாட்டு மெமோ தராமல் மூன்று மாதத்துக்கு மேல் இடைநீக்கத்தை நீட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதைக் காட்டி அவர்தான் மறுபரிசீலனை கேட்க வேண்டும். இடைநீக்க உத்தரவு கைக்கு வந்த தேதி, மூன்று மாதம் முடிந்த தேதி, இன்றுவரை மெமோ இல்லை என்ற மூன்றையும் முதல் பத்தியிலேயே போட்டு எஸ்.பி.க்கு மனு எழுதட்டும். பதில் வராவிட்டால் உயர்நீதிமன்றம். கிரிமினல் வழக்கால் வந்த இடைநீக்கம் என்றால் இவ்வளவு எளிதில் விட மாட்டார்கள்.

கேள்வி (சிதம்பரம்): அண்ணே, எஸ்.ஐ. தேர்வுக்கு விண்ணப்பிக்கிறேன். கல்லூரியில் நடந்த அடிதடியில் பேர் சேர்த்து, பிறகு விடுதலை ஆகிவிட்டது. விண்ணப்பத்தில் காட்ட வேண்டுமா?

பதில்: காட்டு. காட்டு. காட்டு.

விடுதலை என்பதில் இரண்டு வகை உண்டு. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்தால், தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதி 14(பி)யின் விளக்கப்படி நீ குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கருதப்படுவாய். வழக்கே பொய் என்று தீர்ப்பில் தெளிவாகச் சொல்லியிருந்தால் கதை வேறு. அதனால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிக் கடைசி இரண்டு பக்கத்தைப் படி. "சாட்சிகள் பிறழ்சாட்சியானதால்", "ஐயத்திற்கிடமின்றி நிரூபிக்கப்படாததால்" என்று இருந்தால் சிக்கல் இருக்கிறது என்று அர்த்தம், அதற்கு வாதாட வழியும் இருக்கிறது. மறைத்துவிட்டால் அந்த வழியும் போய்விடும். காவல் சரிபார்ப்பில் நிலையப் பதிவேட்டிலிருந்து பேர் வெளியே வரும். அப்போது அடிதடி பின்னுக்குப் போய், மறைத்ததே காரணம் ஆகிவிடும். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரைந்த கோடும் இதுதான்: உண்மையைச் சொன்னவன் விஷயத்தில் நியமன அதிகாரி வழக்கின் தன்மையைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

கேள்வி (பண்ருட்டி): எனக்கு 107 கேஸ் மட்டும்தான், அதையும் எழுத வேண்டுமா?

பதில்: 107 என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அமைதி காப்பதற்கான பிணை நடவடிக்கை, புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.இல் 126. அது தண்டனை கிடையாது. படிவம் எதைக் கேட்கிறதோ அதற்குப் பதில் எழுது. "எந்த வழக்கிலாவது" என்று கேட்டிருந்தால் எழுது.

கேள்வி (குறிஞ்சிப்பாடி): விடுதலையான வழக்கை மறைத்தால் தெரியவா போகிறது?

பதில்: மேலே இரண்டு கேள்விக்கு முன்னால் போ.

கேள்வி (கடலூர் முதுநகர்): என் தம்பியை ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள். நான்கு மாதம் ஆகிறது. போலீஸ் மேல் மூன்று மாதத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் முடிந்தது என்கிறார்கள், சரியா?

பதில்: சரியில்லை. 1859ஆம் ஆண்டு மாவட்டக் காவல் சட்டத்தின் 53ஆம் பிரிவைப் பாதி படித்தவர்கள் சொல்வது இது. அந்தச் சட்டத்தின் கீழோ, அது தரும் பொதுக் காவல் அதிகாரத்தின் கீழோ செய்த செயலுக்குத்தான் மூன்று மாதக் கெடு.

இடையில் ஒருவர் (சட்டம் படித்தவராம்): தவறான தகவல் தராதீர்கள். விசாரணைக்கு அழைத்தது காவல் அதிகாரத்தின் கீழ்தானே? அப்போது 53 பொருந்தும்.

பதில்: அழைத்தது அதிகாரத்தின் கீழ். அடித்தது எந்த அதிகாரத்தின் கீழ்? இதே 53ஆம் பிரிவை வைத்து, விசாரணையில் அடிபட்டு ஒருவர் இறந்த வழக்கில் காவலர்கள் தப்பப் பார்த்தார்கள். ஆந்திர அரசு எதிர் வேணுகோபால், ஏ.ஐ.ஆர். என்ற தீர்ப்புத் தொகுப்பில் 1964 உச்ச நீதிமன்றம் 33. வாக்குமூலம் பிடுங்க அடிப்பதற்கும் சட்டம் கொடுத்த கடமைக்கும் தொடர்பில்லை, அதனால் 53இன் கெடு அதற்கு இல்லை என்று தீர்ப்பு.

மீண்டும் அவரே: அது கொலைக்கு நிகரான வழக்கு. சாதாரண அடிக்கு?

பதில்: செயலுக்கும் கடமைக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் அளவுகோல். காயத்தின் அளவு அதில் வராது. ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. 53 போனாலும் பொதுவான காலவரம்பு இருக்கிறது. எளிய காயம், புதுத் தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 115(2), ஓராண்டு வரை சிறை என்பதால் ஓராண்டுக்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கலாகவோ காவல் நிலையத்தில் தகவல் பதிவாகவோ வேண்டும். வாக்குமூலம் பெறக் காயப்படுத்துவது, 120(1), ஏழாண்டு வரை சிறை. மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலவரம்பே கிடையாது. ஆகவே முதுநகர் நண்பரே, புகாரில் "அடித்தார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். அடிக்கும்போது என்ன கேட்டார்கள், எதை ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள் என்று எழுதுங்கள். அந்த ஒரு வரியில்தான் 115ஆ 120ஆ என்பது இருக்கிறது.

அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியை எடுங்கள். டாக்டர் "எப்படி" என்று கேட்டதற்கு அன்று என்ன சொன்னாரோ அதைத்தான் எழுதியிருப்பார். பயத்தில் "வழுக்கி விழுந்தேன்" என்று தம்பி சொல்லியிருந்தால் வழக்கின் முதுகெலும்பு அங்கேயே முறிந்திருக்கும். ரிமாண்டின்போது மாஜிஸ்திரேட்டிடம் என்ன சொன்னார் என்பதையும் பாருங்கள். மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் ஓராண்டுக்குள் போக வேண்டும். எங்கே கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

மீண்டும் அவரே: அரசு ஊழியர் மேல் வழக்குத் தொடர முன் அனுமதி? பி.என்.எஸ்.எஸ். பிரிவு 218?

பதில்: அரசின் அனுமதி இல்லாமல் பதவியிலிருந்து நீக்க முடியாத ஊழியருக்குத்தான் 218. நிலையக் காவலரை எஸ்.பி.யே நீக்கலாம். பொருந்தும் இடத்திலும் 120 நாளில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும். இத்தோடு இந்தத் தகராறை நிறுத்திக்கொள்கிறேன், வரிசையில் ஏழு பேர் நிற்கிறார்கள்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): காவலர் மேல் புகார் தர மாவட்டத்தில் தனி ஆணையம் உண்டா?

பதில்: ஏட்டில் உண்டு. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில், மாவட்டப் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2013ஆம் ஆண்டு தமிழ்நாடு காவல் (சீர்திருத்தச்) சட்டம் கலெக்டரைத் தலைவராக்கி, எஸ்.பி.யையும் உள்ளே உட்கார வைத்தது. எஸ்.பி.யின் ஆள் மேலான புகாரை எஸ்.பி. இருக்கும் குழுவே கேட்கிறது. கொடுக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

கேள்வி (அரியாங்குப்பம்): எங்கள் ஊருக்கும் இதே சட்டமா?

பதில்: இல்லை. பாலத்தைத் தாண்டினால் சட்டமும் மாறும். 3(ஏ), 3(பி), 2013ஆம் ஆண்டுச் சட்டம் எதுவும் புதுச்சேரிக்கு ஒட்டாது. அங்கே காவல் புகார் ஆணையம் தனி. குண்டர் சட்டம் என்று நாம் சொல்வதற்கும் அங்கே தனிச் சட்டம், 2008இல் வந்தது. பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ். மட்டும் இரண்டு பக்கமும் ஒன்று.

கேள்வி (புவனகிரி, தலைமைக் காவலர்): வார விடுமுறை எங்கள் உரிமைதானே? சங்கம் வைத்துக் கேட்கலாமா?

பதில்: சங்கம் வேண்டாம், ஏட்டய்யா. 1966ஆம் ஆண்டு காவல் படைகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டப்படி அனுமதியின்றிச் சங்கத்தில் சேர்ந்தாலும், அந்தச் சட்டத்தை மீறிப் பத்திரிகைக்குப் பேசினாலும் இரண்டாண்டு வரை சிறை. வார ஓய்வு 2021இல் அரசு தந்தது, சட்டமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. பந்தோபஸ்து வந்தால் தள்ளிப்போகும். தள்ளிப்போன நாளை டூட்டி ரோஸ்டரில் தேதியோடு பதியச் சொல்லுங்கள்.

கேள்வி (ஆல்பேட்டை): செக்போஸ்டில் பாட்டிலோடு வண்டியைப் பிடித்துவிட்டார்கள்...

பதில்: முதல் பத்தியைப் பாருங்கள்.

கேள்வி (பாகூர்): சார், மெமோவை வாங்க மறுத்தால் தப்பிக்கலாமா?

பதில்: முடியாது. மறுத்தார் என்று சாட்சிக் கையெழுத்தோடு பதிவு செய்வார்கள், வீட்டுக் கதவிலும் ஒட்டுவார்கள். வாங்குங்கள், தேதி போட்டு.