சிரிக்காத சிஸ்டர் வேலை தெரியாதவரா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். 30 படுக்கைக்கு நைட் டூட்டியில் 2 சிஸ்டர்கள்தான். சிடுசிடுக்கிறார்கள், கூப்பிட்டால் வருவதில்லை என்று பைஸ்டாண்டர்கள் (நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள்) புகார் சொல்கிறார்கள். எல்லோருக்கும் 'ஆட்டிட்யூட்' வகுப்பு வைக்கச் சொல்கிறது மேனேஜ்மெண்ட். வைத்தால் வேலை சரியாகுமா?

பதில்: ஒரு வாரம் எல்லோரும் சிரிப்பார்கள், அப்புறம் பழையபடிதான். மனநிலைக்கும் வேலைத்தரத்துக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை, ஆனால் மேனேஜ்மெண்ட் நினைக்கிற அளவுக்கு இல்லை. 2001-ல் உளவியல் ஆய்வாளர் டிமதி ஜட்ஜ் குழுவினர் பல துறைகளில் நடந்த 300-க்கும் மேற்பட்ட ஆய்வு மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வேலைத் திருப்திக்கும் திறனுக்குமான தொடர்பு சுமார் 0.30 என்று வந்தது. முழுத் தொடர்பு என்றால் 1. எது எதற்குக் காரணம் என்பதும் அந்த எண்ணிலிருந்து தெரியாது, வேலையை உருப்படியாகச் செய்ய முடிகிறவருக்குத்தான் திருப்தியே வருகிறது என்றும் இருக்கலாமே.

முதலில் காலை 6 மணி சார்ட்டை எடுத்துப் பாருங்கள். வரிசையாக எல்லா நோயாளிக்கும் மூச்சு நிமிஷத்துக்கு 20 என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம், அதை எழுதியவர் வார்டே 'தங்கமான பிள்ளை' என்று கொண்டாடுகிற சிஸ்டராகக்கூட இருக்கலாம். முகத்தைத் தூக்கி வைத்திருக்கிற இன்னொருவரோ ட்ரிப் ஏறுகிற கையைத் தொட்டுப் பார்த்து, வீங்கியிருந்தால் கேனுலாவை (ட்ரிப் ஏற்றக் கையில் குத்தியிருக்கும் சின்னக் குழாயை) மாற்றி, அடுத்த டூட்டிக்காரரிடம் ஒப்படைக்கும் ஹேண்டோவரில் "12-ஆம் பெட் அம்மா ராத்திரி முழுக்க யூரின் போகல, டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பையை எடுப்பார். எனக்கு உடம்புக்கு முடியாமல் படுத்தால் இரண்டாமவர் பார்த்தால் போதும். அதற்காக எரிந்து விழுவது சரி என்று சொல்லவில்லை, பயந்துபோன நோயாளி வலியைக்கூடச் சொல்ல மாட்டார்.

சரி, சிடுசிடுப்பு எங்கிருந்து வருகிறது? ஆளுக்கு 15 பேர்! நர்சிங் ஆய்வாளர் லிண்டா எய்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளைப் பார்த்து 2002-ல் எழுதினார்கள்: ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் அவர் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது, அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம். சம்பளமும் இருக்கிறது. 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று மத்திய அரசின் குழு 2016-லேயே பரிந்துரைத்துவிட்டது, உங்கள் இடத்தில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, நம் குமரி மாவட்டத்தில் இரண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் ஆனதும் கல்ஃபுக்குக் கிளம்புவது சகஜம். அப்படிப் போகப்போகிறவருக்கு வேலையில் அக்கறை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், அவருடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஆபீஸ் பீரோவில் பூட்டி வைத்திருந்தால் அதை முதலில் கொடுக்கச் சொல்லுங்கள்.

வகுப்புக்குப் பதில் இரண்டு வாரம் இதைச் செய்யுங்கள். புகார் வரும்போதெல்லாம் நேரம், அப்போது வார்டில் எத்தனை நோயாளிகள், டூட்டியில் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். காலை 6 முதல் 8-க்குள் புகார்கள் குவிந்தால் அது ஆள் பற்றாக்குறை, ரத்தம் எடுப்பது, ஊசி, சார்ட், டிஸ்சார்ஜ் கேட்பவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விழுகிற நேரம் அது. பார்மசிக்கும் பில்லிங்குக்கும் ஓடுகிற வேலையை சிஸ்டரிடமிருந்து எடுங்கள், அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கூட ஒருவரைக் கேளுங்கள், நோட்டைக் காட்டிக் கேட்டால் மேனேஜ்மெண்டும் சட்டென்று தட்ட முடியாது. எந்த நேரமானாலும் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், வார்டு நடுவில் வைத்து வேண்டாம்.