1968 என்று பதிவான எம்.ஜி.பி. காரில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருக்கிறது. பழைய உரிமையாளர் மாற்றிவிட்டாரா?

அவசரப்பட்டு அவர் மேல் பழி போடாதீர்கள். உங்கள் கையில் இருப்பது பிந்திய காருக்கான கையேடாக இருக்கும். டைனமோவும் ஆல்டர்னேட்டரும் இன்ஜின் ஓடும்போது பற்றரிக்கு மின் ஏற்றுபவைதான்; டைனமோ பழைய வகை. இந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்த அபிங்டன் தொழிற்சாலை 1967 இன் இறுதியில்தான் ஆல்டர்னேட்டருக்கு மாறியது. அதுவரை எம்.ஜி.பி.யில் பற்றரியின் நேர்முனைதான் எர்த் (காரின் உடலோடு இணைக்கும் முனை), அதன்பின் எதிர்முனை. மாற்றத்துக்கு முன் செய்யப்பட்டு அடுத்த வருடம் பதிவான கார்களும் உண்டு.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. 2010 இல் சித்தப்பா தன் எம்.ஜி.பி.யை ஏ9 வீதி வழியாக யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலுக்குக் கொண்டுவந்தார். பதிவுப் புத்தகத்தில் 1968. அதை மட்டும் பார்த்த ஒரு கராஜில், இருக்கைக்குப் பின்னாலிருந்த இரண்டு 6 வோல்ட் பற்றரிகளையும் எதிர்முனை எர்த்தாகத் திருப்பிப் பூட்டிவிட்டார்கள். டைனமோ தன் பழைய முனைப்பிலேயே மின்னை அனுப்பியது, பற்றரியோ தலைகீழ். ஒரு நிமிடத்தில் டைனமோவைப் பற்றரியோடு இணைத்தும் பிரித்தும் விடும் கட் அவுட் பெட்டியிலிருந்து புகை. மூடியைக் கழற்றினால் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கிடந்தன.

பிறகு கொக்குவிலில் ஒரு முதிய வயரிங்காரர் டைனமோவைப் பெட்ரோல் துணியால் துடைத்து, பொறித்திருந்த இலக்கங்களை விரலால் தடவிக் காட்டினார்: 8 67. “மாதமும் வருடமும், தம்பி.” வேறு காரிலிருந்து கழற்றியதாகவும் இருக்கலாமே என்பீர்கள். அதற்குத்தான் வயரையும் பார்க்கச் சொல்கிறேன். மஞ்சள் கோடிட்ட பழுப்பு வயரும் பச்சைக் கோடிட்ட பழுப்பு வயரும் வெட்டு, ஒட்டு இல்லாமல் டைனமோவரை வந்தால் அது தொழிற்சாலை வேலை. சித்தப்பாவின் காரில் அப்படித்தான் இருந்தது.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்துக் கார் என்றாலே ஒட்டுப்போட்ட வயரிங் என்று கொழும்பில் விலையைக் குறைக்கிறார்கள். போர்க்காலத்தில், பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது, காபரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. எங்கள் ஒழுங்கையில் நின்ற ஆஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் ஒன்றிலும் டைனமோவை எவரும் கழற்றி எறியவில்லை. உள்ளே தேயும் காபன் துண்டுகளை மாற்றி மாற்றிக் காப்பாற்றினார்கள். அந்தக் கார்களைத்தான் பழைய இரும்பு விலைக்கு வாங்கிப்போய் ‘ஒரிஜினல்’ என்று விற்றார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீங்கள் டைனமோவின் இலக்கத்தையும் எர்த் முனையையும் பார்க்கும்வரை புது ரேடியோவோ எலக்ட்ரானிக் இக்னிஷனோ பூட்ட வேண்டாம். இப்போது கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை எதிர்முனை எர்த்துக்கே செய்யப்பட்டவை.